தூங்கிப் பார்த்து வாங்கிய நாற்காலி

ஆன்லைனில் வாங்கிய நாற்காலியின் பெட்டியைப் பிரித்ததும் அடித்த பசை நாற்றத்தில், பாலக்கரையில் இருந்த பாயின் நாற்காலிக் கடை வார்னிஷ் வாசனை நினைவுக்கு வந்து தொலைத்தது. "மொதல்ல உக்காருங்க, வெலய அப்புறம் பேசுவோம்" என்பார் பாய். அப்பா ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து, சாய்ந்து, ஆட்டிப் பார்த்து, கடைசியில் எதில் தூங்கிப்போகிறாரோ அதைத்தான் அம்மா வாங்குவாள்.

இதுவோ உட்கார்ந்தாலே முதுகைக் குத்துகிறது. திருப்பிக் கொடுக்கலாமென்று பெட்டியிலிருந்த முகவரிக்குப் போனால், பாய் கடையை இடித்த அதே இடத்தில் அந்தக் கம்பெனியின் குடோன்.

"உள்ள விடமாட்டாங்க சார், ஆப்ல போடுங்க" என்றார் வாட்ச்மேன்.

உள்ளே கூரைவரை நாற்காலிப் பெட்டிகள். ஆப் பதில் சொல்லும்வரை வாசலில் கால் கடுக்க நின்றேன். உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை.