ஊறப்போட்ட புள்ளி பீன்ஸ்

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் கலர் பிரிப்பார்.

மனிதர் ஆயுசில் பாதியைச் சின்ன காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில், நூலின் சாயம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தே கழித்தவர். ஒரு கட்டு நூலில் ஒரு இழை நிறம் மாறியிருந்தாலும் போதும், தூக்கி ஓரமாக வைத்துவிடுவார். ரிட்டயர் ஆனபின் பிரிப்பதற்கு நூல் இல்லை. அதனால் இப்போது என் துணி கிளிப்புகள்கூடக் கலர்வாரியாகத்தான் கொடியில் நிற்கின்றன. நான் கண்டுகொள்வதில்லை. வேலை மிச்சம்தானே?

அப்படித்தான் போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பை அவர் கண்ணில் பட்டது.

பை எங்கள் சம்பந்தி அன்னக்கொடியம்மாவுடையது. கொடைக்கானல் மலையில் பீன்ஸ் விவசாயம் செய்கிறார். போன வருஷ மழையில் வெள்ளாமை மொத்தமும் அழுகி, விதைக்குக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. ஊட்டிப் பக்கம் வாக்கப்பட்டுப் போன அவருடைய அக்கா, தன்னிடம் இருந்த விதையைக் கொடுத்தனுப்பியிருந்தார். ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலைக்கு வந்த அக்கா மகன் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். மகளைப் பார்க்க வரும்போது சம்பந்தி எடுத்துப் போவதாக ஏற்பாடு.

பையைப் பிரித்தால்... வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள், உடம்பெல்லாம் புள்ளி தெளித்தது என்று ஒரு கல்யாணக் கூட்டமே உள்ளே இருந்தது.

"இன்னாம்மா இது, கன்னாபின்னான்னு கலந்துகினு இருக்குது? சம்மந்தியம்மா வர்றதுக்குள்ள நீட்டா பிரிச்சு வெச்சிடறேன்" என்று முறத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். என் மகனுடையது காதல் கல்யாணம். சாதி வேறு. இவர் கல்யாணத்துக்கு வந்து நின்றார். மருமகள் மேல் உயிரையே வைத்திருக்கிறார். ஆனால் சம்பந்தி வீட்டு வாசலை மட்டும் இதுவரை மிதித்ததில்லை. அவர்கள் கூப்பிடும்போதெல்லாம் இவருக்கு முழங்கால் வலி வந்துவிடும்! அதனால் இந்தத் திடீர் அக்கறை எனக்கே ஆச்சரியம். நான் தடுக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் டப்பா டப்பாவாகப் பிரித்தாகிவிட்டது. புள்ளி போட்டது மட்டும் எந்த டப்பாவிலும் சேரவில்லை.

"இது சாயம் சரியா ஏறாத சரக்கு. சுண்டலுக்குப் போட்டுடு" என்று என் பக்கம் தள்ளினார். நானும் சமர்த்தாக ராத்திரியே ஊறப்போட்டேன்.

காலையில் சம்பந்தி வந்தார். டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"புள்ளி விதை எங்க சம்மந்தி?"

குண்டானில் ஊறியதைக் குக்கருக்கு மாற்றப் போன நான், அப்படியே நின்று குண்டானைக் காட்டினேன்.

"ஐயய்யோ... அது எங்கம்மா காலத்து விதை. அடைமழைக்கு நின்னு காய்க்கிறது அது ஒண்ணுதான். இப்ப எங்க பக்கம் யாருகிட்டயும் இல்ல. அக்காகிட்டயும் இதான் கடைசி" என்றார். கண் கலங்கிவிட்டது.

"எல்லாம் கலந்து இருந்துச்சேன்னு..." என்று இழுத்தார் இவர்.

"கலந்துதானேண்ணே விதைப்போம்? எந்த வருசம் கொட்டும், எந்த வருசம் காயும்னு யாருக்குத் தெரியும்? ஏதாச்சும் ஒண்ணு கைகொடுக்கும்ல."

சம்பந்தி குண்டானில் கைவிட்டு நாலு விதையை அள்ளிப் பார்த்தார்.

"உசுரு இருக்கு. ஈரத்துணியில கட்டிக் கொண்டுபோய் உடனே ஊனிட்டா முளைச்சுரும். நான் இப்பவே கிளம்புறேன்" என்றார். வேலைக்குப் போயிருந்த மகளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, பாவம்.

"இரும்மா, நானும் வரேன்" என்று சட்டையை மாட்டினார் இவர். "பண்ணது நானு. மூட்டைய நான் எடுத்துகினு வரேன்."

நான் உடனே அவர் செருப்பை எடுத்து வாசலில் வைத்தேன். தாமதித்தால் காரியம் கெட்டுவிடாதா?

அவர்கள் போனபின் போனில் பீன்ஸைப் பற்றித் தேடினேன். பூர்வீகம் மெக்சிகோவும் பெரு நாட்டு மலைகளுமாம்; கப்பலேறி வந்ததாம். சீமைக்காய் என்று எங்கள் வீட்டுத் திவசத்தில் இன்றைக்கும் பீன்ஸ் சேர்ப்பதில்லை. 'அவரைக்காய்தான் நம்ம காய்' என்பார் இவர். சரி, அதையும் பார்ப்போமே என்று தேடினால்... அவரையின் காட்டுச் சொந்தங்கள் ஆப்பிரிக்காவில் இருக்கின்றனவாம்! ஆக, சாம்பாரில் மிதப்பவர்களில் யார் உள்ளூர், யார் வெளியூர்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் மலையிலிருந்து போன் வந்தது.

"வழியெல்லாம் துணிய நனைச்சுகினே வந்தேன்மா. ஊனியாச்சு. இங்க சாப்பாடு சூப்பரா இருக்குது."

"எப்பங்க வர்றீங்க?"

"மொளை வெளிய தலை காட்டட்டும். பாத்துட்டு வரேன்."

"மலை ஏறி இறங்கறீங்களே... முழங்கால் எப்படி இருக்குது?"

"எந்த முழங்கால்?" என்றார்.