தக்கடி வேகும் வரை

என் பக்கத்து வீட்டு ராபியாவை ஒரு இடத்தில் உட்காரவைக்க யாராலும் முடிந்ததில்லை. ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுக்காதா என்பார்கள்; இவளுக்கு ஆக்கவே பொறுக்காது. எங்கள் மலையூர் நடுவட்டத்துக்கு வாக்கப்பட்டு வந்த பதினாறு வருஷத்தில் தையல் பழகினாள், கோழி வளர்த்தாள், பஸ் நிறுத்தத்தில் பணியாரம் சுட்டு விற்றாள். எதையும் முழுசாக ஒரு வருஷம் செய்யவில்லை. சொன்னால் என்மேல் பாய்வாள். சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

அவள் வீட்டுக்காரர் அப்துல் கையூம் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரி ஓட்டினார். தேயிலை விலை படுத்துப்போன இரண்டாவது வருஷம் பேக்டரி கொழுந்து வாங்குவதை நிறுத்தியது. ஆறு மாதம் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடந்து பார்த்தவர், திருப்பூரில் பனியன் கம்பெனி வேன் ஓட்டப்போவதாகச் சொன்னார். எங்கள் லைன் வீடுகளிலிருந்து அப்படிப் போன நாலு பேரில் ஒருத்தரும் திரும்பவில்லை. அதில் ஒருவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான், பாவி. ஆனால் போகாதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்ல ராபியாவுக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

அதனால் அவர் கிளம்பும் நாள் காலையில் தக்கடி செய்தாள். பிரயாணம் போகிறவர் அடுப்பில் ஏறியதைத் தின்னாமல் வாசல் தாண்டக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். தக்கடியோ சட்டென்று ஆகிற பண்டமில்லை. அரிசி மாவை வறுத்து, தேங்காயும் சின்ன வெங்காயமும் போட்டுப் பிசைந்து, விரல் தடம் பதியப் பிடித்து, கொதிக்கிற கறிக் குழம்பில் ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பிடிப்பதற்கு என்னையும் கூப்பிட்டாள்.

"எட்டரைக்கு மாவு வறுக்கறியே, ஒம்பதுக்கு அவருக்கு பஸ்ஸில்லையா புள்ள?" என்றேன்.

"பதினொண்ணுக்கு ஒண்ணு இருக்குதுங்கக்கா. அப்புறம் ரெண்டரைக்கு."

"அப்புறம் நாளைக்கு."

"ஆமாங்க" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

ஒன்பது மணி பஸ் ஹார்ன் அடித்துப் போனது. கையூம் பாய் முன்னறையில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் எல்லாம் தெரியும்.

உருண்டைகளை இறக்கி மூடி போட்டபோது பத்தே முக்கால். மாவு இறுகும்வரை கரண்டியே படக்கூடாது. அவளோ வாசலுக்குப் போனாள், வந்தாள், மூடியைத் திறந்தாள், மறுபடியும் போனாள். முன்னறையில் பாய் பையின் ஜிப்பை இழுத்தது கேட்டது. அவ்வளவுதான், கரண்டியை எடுத்து ஒரே கிண்டாகக் கிண்டிவிட்டாள்.

"அடிப் பாவி, கரண்டிய எடு" என்று நான் பிடுங்குவதற்குள் பாதி உருண்டை கரைந்து குழம்பு கூழாகிவிட்டது.

"மாவு இருக்குதுங்கக்கா, மறுபடி புடிக்கலாம்" என்றாள். அந்த முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது.

பாய் அடுப்படிக்கு வந்து தட்டை எடுத்தார். "இருக்கறதப் போடு" என்றார்.

கையூம் பாய் லேசுப்பட்ட நாக்குக்காரர் இல்லை. உப்பு ஒரு கல் குறைந்தால் தட்டைத் தள்ளிவிடுவார். பெருநாள் பிரியாணியில்கூடக் குறை கண்டுபிடிப்பார். அந்த மனிதர் அந்தக் கூழை வழித்துத் தின்றுவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டார்.

ராபியா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, ஏதாச்சும் கொறை சொல்லுங்க" என்றாள்.

"எல்லாஞ் சரியா இருக்குது, ராபியா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. போவதென்று முடிவுகட்டி, குறை சொல்லக்கூட மனசில்லாதவரை எந்த அடுப்பை வைத்து நிறுத்துவது? வளைவில் ஹார்ன் கேட்டது. அவர் இன்னும் கை கழுவக்கூட எழவில்லை. பிசைந்த மாவு கையில் ஒட்டியிருக்க, ராபியாவே ஓடிப்போய் அவருக்காக நடுரோட்டில் நின்று பஸ்ஸை நிறுத்தினாள்.