வெளிவராத விளையாட்டில் ஒரு அருவி

இன்னும் வெளிவராத வீடியோ கேம்களைப் பற்றித் திருநெல்வேலியில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வெளிவந்த கேம்களைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் தடுமாறுவேன். அவற்றை விளையாட எனக்கு நேரம் கிடைப்பதில்லை. வரப்போகிறவற்றைப் பற்றிப் படிப்பதிலேயே பொழுது போய்விடுகிறது.

வேலை சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில், ஆய்வக உதவியாளராக. வீடு பாளையங்கோட்டையில். தினமும் காலையில் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்ததும் போனை எடுப்பேன். எந்த கேம் தள்ளிப்போயிருக்கிறது, எந்த நிறுவனத்தில் இயக்குநர் விலகிவிட்டார், எந்த டிரெய்லரில் கதாநாயகனின் தாடி போன தடவையைவிட நீளமாக இருக்கிறது என்பதையெல்லாம் சேரன்மகாதேவி வருவதற்குள் படித்து முடித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து, மின்விசிறிச் சத்தம் பதிவாகிவிடும் என்பதால் அதை அணைத்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க அந்த வாரச் செய்திகளை நெல்லைத் தமிழில் பேசி என் சேனலில் போடுவேன். கேட்பதற்கு ஒரு சிறு கூட்டம் இருந்தது. அவர்களும் என்னைப் போலத்தான், எதையும் விளையாடாமல் எதற்காவது காத்திருப்பவர்கள்.

என் லேப்டாப்பில் தள்ளுபடியில் வாங்கிய கேம்கள் வரிசையாக இருந்தன. பாதியை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் என் மனைவி ஒருநாள் அந்த வரிசையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பீரோ நெறய சேலைய வச்சுக்கிட்டு, ஒண்ணையும் கட்டாம, அடுத்த தீபாவளிக்கு என்ன வருதுன்னு கடைக்கடையா கேக்குத மாதிரி இருக்கு."

எல்லாவற்றிலும் நான் அதிகம் எதிர்பார்த்த கேம் ஒன்று உண்டு. அதை அறிவித்த வருடம்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். இருவரையும் தனியாகப் பேசவிட்ட ஐந்து நிமிடத்தில் அவள் எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள். அடுத்த வருடம் ஒரு கேம் வரப்போகிறது என்றேன். "வரட்டும்" என்றாள். அதற்குப் பிறகு அது நான்கு முறை தள்ளிப்போனது. அதற்குள் நாங்கள் இரண்டு வாடகை வீடு மாறினோம். செங்கோட்டை ரயிலுக்கு டீசல் இன்ஜின் போய் மின்சார இன்ஜின் வந்தது. கேம் மட்டும் வரவில்லை.

போன வருடம் மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் அதன் புது டிரெய்லர் வந்தது. இரண்டு நிமிடம்தான். நம் ஊர் நேரத்துக்கு நள்ளிரவில் வெளியிட்டார்கள். நான் தூக்கத்தை விடுகிறவன் இல்லை. காலையில் ரயிலில் வைத்துப் பார்த்தேன். கத்திச் சண்டைக்கும் குதிரை ஓட்டத்துக்கும் நடுவில் மூன்று விநாடி ஒரு அருவி வந்து போனது. பாறையில் அகலமாக விழும் தண்ணீர், பக்கத்தில் இரும்புக் கம்பித் தடுப்பு, கீழே வாழைத் தோட்டம், பின்னால் நீலமாக ஒரு மலை. நிறுத்தினேன். பின்னால் தள்ளினேன். மறுபடி நிறுத்தினேன்.

"மணிமுத்தாறு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாள் திடுக்கிட்டு எழுந்து, எந்த ஸ்டேஷன் என்று ஜன்னலில் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போட்ட வீடியோவில் அந்த மூன்று விநாடியை இருபது நிமிடத்துக்கு இழுத்தேன். பாறையின் வளைவு, கம்பியின் சாய்வு, மலையின் முதுகு என்று எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்டேன். நான் கடைசியாக மணிமுத்தாறு போனது கல்லூரியில் படிக்கும்போது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அதுவரை நான் போட்ட எதையும் அத்தனை பேர் பார்த்ததில்லை. சீவலப்பேரிக்காரர் ஒருவர், அடுத்துக் குதிரை ஓடும் காட்சியில் வரும் ஆறு தங்கள் ஊரில் சிற்றாறு வந்து சேரும் இடம்தான், அதைச் சொல்லாமல் விட்டது ஓரவஞ்சனை என்று எழுதினார். பாபநாசத்துக்காரர்கள் கூட்டமாக வந்து அருவியே தங்களுடையது என்றார்கள். எல்லோருக்கும் நன்றி சொன்னேன். பாலிடெக்னிக்கில் முதல்வர் என்னை அறைக்கு அழைத்துக் கைகொடுத்தார். அந்த கேமையே நான்தான் செய்தேன் என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். மறுக்கத் தொடங்கினேன். அதற்குள் அவருக்கு ஒரு போன் வந்துவிட்டது. பிறகு மறுக்க வாய்ப்பு அமையவில்லை, நானும் தேடவில்லை.

என் ரயிலில் வாழை இலை வியாபாரி ஒருவர் வருவார். விடியும் முன்பே இலைக்கட்டுகளோடு டவுன் மார்க்கெட்டுக்கு வந்து, விற்று முடித்து, வெறுங்கையோடு சேரன்மகாதேவிக்குத் திரும்புவார். அவர் எனக்கு அண்ணாச்சி. அந்த வாரம் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என்னவே, நம்ம மணிமுத்தாறு ஏதோ வெளையாட்டுல வருதாம்லா? மார்க்கெட்ல பேசிக்கிட்டாங்க. காட்டும், பாப்போம்."

பெருமையோடு காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இன்னொருக்கா ஓட்டும்" என்றார். மூன்றாவது முறை ஓடி முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

"அருவியப் பத்தி எனக்குத் தெரியாது வே. ஆனா இது வாழையே இல்ல."

"ஏன் அண்ணாச்சி?"

"காயெல்லாம் கீழ பாத்துத் தொங்குது. தாரு கீழ எறங்கும், காயி மேல பாத்துத்தான் வளையும். இவன் வெட்டுன தாரத் தலைகீழாப் புடிச்சு வரைஞ்சிருக்கான். பொறவு இந்த எலையப் பாரும். ஒரு கிழிசல் உண்டா? ஆடிக் காத்து அடிக்கித ஊருல இப்படி ஒரு எலை கெடச்சா நான் ஏன்வே மூணு மணிக்கு எந்திரிக்கேன்?"

டிரெய்லரில் இருப்பது இறுதி வடிவம் இல்லை என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருப்பதைக் காட்டினேன்.

"அப்போ வரைஞ்சவனுக்கே தெரிஞ்சிருக்கு" என்றார். அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, ஏத்தன் வாழைக்கு இந்த வருடம் விழுந்த நோயைப் பற்றிப் பேசினார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி ஏற்கெனவே எதிர்பார்த்தவள் போல இருந்தாள். "சந்தேகம்னு வந்தா கணக்கப் போட்டுப் பாத்துரணும். ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வருவோம். அம்புக்குறி போட்ட பாறையெல்லாம் அங்கன இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிரும்லா."

பைக்கில் போனோம். கல்லிடைக்குறிச்சி தாண்டும்போதே மலைமேல் கறுத்துக் கிடந்தது. அணைக்குக் கீழே வனத்துறைச் செக்போஸ்டில் கம்பு இறக்கியிருந்தார்கள்.

"மேல தண்ணி கூடிட்டு. அருவிக்கு யாரையும் விடல" என்றார் காவலர்.

"குளிக்க வரல சார், சும்மா பாக்கத்தான்."

"பாக்கவும் கிடையாது."

போனை நீட்டி டிரெய்லரை ஓடவிட்டு, எதற்காக வந்தேன் என்று விளக்கினேன். முழுவதும் பொறுமையாகப் பார்த்தார். "அதான் இதுலயே பாத்துட்டீங்கள்லா, பொறவு என்ன?" என்று சொல்லிவிட்டு, பின்னால் வந்த காரை நிறுத்தப் போய்விட்டார்.

பக்கத்தில் தார்ப்பாய் போட்ட ஒரு டீக்கடை இருந்தது. நடத்துகிறவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். நாங்கள் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். டீ கிளாஸை வைக்கும்போது, "என்ன தம்பி அது, படமா?" என்றார். அவருக்கும் காட்டினேன். அந்த வாரம் நான் காட்டாத ஆள் இல்லை.

"இது நம்ம அருவி இல்ல" என்று உடனே சொல்லிவிட்டார். எனக்கு அதற்குள் பழகிவிட்டது. ஆனால் அவர் போனைத் திருப்பித் தரவில்லை. அருவியும் ஆறும் போய் வேறொரு காட்சி வந்தது. மலைச்சரிவில் மேகமூட்டம் இறங்குகிறது, ஒருவன் தனியாக மேலே நடந்துபோகிறான். நான் என் இருபது நிமிடத்தில் அந்தக் காட்சியைக் கண்டுகொள்ளவே இல்லை.

"இது எங்க மலை மாதிரி இருக்கு" என்றார்.

அருவிக்கு மேலே மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறிக்கும் வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமும் ஆனவர். எஸ்டேட் வேலை முடிந்துபோய் எல்லோரும் இறங்கியபோது அவரும் இறங்கி வந்திருக்கிறார். இப்போது அந்த மலைக்குப் போகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்கிறார்.

"இந்த வெளையாட்டுல, அந்தா அந்த மேடு வரைக்கும் நாம நடந்து போவலாமா?"

"போகலாம். எங்கன வேணும்னாலும் போகலாம்னுதான் சொல்லுதாங்க."

"செக்போஸ்டு கிடையாதா?"

"கிடையாது."

"அப்ப எப்பம் வருது இது?"

என் வாழ்க்கையில் எனக்கு நன்றாகப் பதில் தெரிந்த ஒரே கேள்வி அதுதான். அடுத்த வருடக் கடைசியில் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனைத் தந்தார். திரும்பி வரும்போது பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி, முக்கூடல் போகும் சாலை பிரிகிற இடத்தில், "மலையில நடக்குத மாதிரி கேம் ஒங்ககிட்ட வேற ஒண்ணுகூடவா இல்ல?" என்று கேட்டாள்.

இருந்தது. வாங்கி மூன்று வருடமாகத் திறக்காத ஒன்று. வாளோடு ஒருவன் மலைநாடு ஒன்றில் அலைகிற கதை. அது வெளிவருவதற்கு முன்பு அதைப் பற்றி ஆறு வீடியோ போட்டிருந்தேன். வெளிவந்த பிறகு ஆர்வம் போய்விட்டது. அந்த வாரம் அதை லேப்டாப்பில் ஏற்றினேன்.

அதே வாரம் நான் எதிர்பார்த்த கேம் ஐந்தாவது முறையாகத் தள்ளிப்போனது. தரத்தில் சமரசம் செய்துகொள்ள விரும்பவில்லை என்று அறிக்கை விட்டிருந்தார்கள். நானும் ஒரு வீடியோ போட்டு, அந்த அருவி மணிமுத்தாறு இல்லை, வாழைத்தார் தலைகீழாக இருக்கிறது, நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டேன். அதைச் சொற்பப் பேர்தான் பார்த்தார்கள். முந்தைய வீடியோவுக்குத்தான் இன்றும் ஆள் வருகிறது. மணிமுத்தாறு எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று கேட்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பையும் கன்ட்ரோலரையும் பையில் போட்டுக்கொண்டு மறுபடி மணிமுத்தாறு போனோம். செக்போஸ்ட் அன்றைக்கும் திறக்கவில்லை. டீக்கடையில் கூட்டம் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா முதலில் சிரித்து மறுத்தார். "எனக்கு இதெல்லாம் எங்கன வரும்?" என் மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தக் குச்சிய மேல தள்ளுங்கக்கா, அவ்வளவுதான்" என்று கையில் கொடுத்துவிட்டாள்.

நான் வகுப்பெடுக்கத் தயாராக வந்திருந்தேன். தேவைப்படவில்லை. வருடக்கணக்காகக் கொழுந்து கிள்ளிய விரல்கள், கால் மணி நேரத்தில் பிடித்துக்கொண்டன. ஓடுவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது என்றேன். வேண்டாம் என்றார். நேராக மேலே ஏறலாம் என்றேன்.

"சரிவுல நேரா ஏறப்புடாது தம்பி. வளைஞ்சு பைய போவணும். இல்லன்னா பாதியில மூச்சு வாங்கிரும்."

திரையில் நடக்கிறவனுக்கு மூச்சு வாங்காது என்று சொல்ல நினைத்தேன். வளைந்து வளைந்துதான் ஏறினார். பாதி வழியில் ஒருவன் வாளை உருவிக்கொண்டு நின்றான்.

"இவரு யாரு?"

"கொள்ளைக்காரன். அடிச்சாத்தான் பாயிண்ட் கெடைக்கும்."

"என்னத்துக்கு? அவரு பாட்டுக்கு நிக்காரு."

அவனைச் சுற்றிக்கொண்டு மரங்களுக்குப் பின்னால் போனார். அப்படி ஒரு வழி இருப்பது, ஆறு வீடியோ போட்ட எனக்குத் தெரியாது. மேலே போனதும் மூட்டம் வந்தது. நடையை நிறுத்திவிட்டு, அது கடந்து போகும்வரை கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். மூட்டம் விலகியதும் வரிசையாகக் கல்வீடுகள் தெரிந்தன. முதல் வீட்டு வாசலுக்குப் போய் நின்றார். கதவில் முட்டினார். திறக்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போனார். அதுவும் திறக்கவில்லை.

"பூட்டிட்டுப் போயிட்டாங்களோ?"

"இல்லக்கா. இதுல வீட்டுக்குள்ள போக முடியாது. வெளிய மட்டுந்தான் வரைஞ்சிருக்காங்க."

"ம்" என்றார். பிறகு ஒவ்வொரு வீடாகக் கடைசி வீடு வரைக்கும் போனார். கடைசி வீட்டின் முன்னால் ஒரு பாறை இருந்தது. அதன்மேல் ஏறி நின்று, பள்ளத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பச் சொன்னார். மனைவி திருப்பிக் கொடுத்தாள். கீழே வெகு தூரத்தில் ஒரு ஏரி மின்னியது.

"மேல எங்க வீட்டு வாசல்ல நின்னாலும் அணை தெரியும்" என்றார்.

அப்போது ஒரு வேன் வந்து நின்று பத்துப் பதினைந்து பேர் இறங்கினார்கள். செக்போஸ்டில் கொஞ்ச நேரம் வாக்குவாதம் செய்துவிட்டு, டீ குடிக்கலாம் என்று இந்தப் பக்கம் திரும்பினார்கள். அவர் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கன்ட்ரோலரை என் மனைவியிடம் தந்தார்.

"ஆளு வந்துட்டு, பாப்பா. பாறையில நிக்கவர எறக்கிக் கூட்டிட்டு வந்துராதீங்க. அங்கனயே நிக்கட்டும்."

அடுப்பைத் தூண்டிவிட்டார். என் மனைவி எழுந்து கிளாஸ்களைக் கழுவிக் கொடுக்கப் போனாள். நான் அவன் நின்ற இடத்திலேயே ஆட்டத்தைச் சேமித்துவிட்டு, சாரல் விழத் தொடங்கியதால் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தேன்.