மூன்று பைசாவுக்காக மாமல்லபுரம் வழியே செய்யூர்

காலை எட்டேகாலுக்குச் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் பஸ் கிளம்பியது. முப்பது கிலோமீட்டர், டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். பையில் ஒரு சின்ன டப்பா. அதில் 1965ஆம் வருடத்து ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து, இருபத்தைந்து பைசாக்கள். மூன்று பைசா மட்டும் கிடைக்காமல் ஒரு மாதமாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

செய்யூரில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு வரும் மாசியில் அறுபதாம் கல்யாணம். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். ஆனால் நான் எதை வாங்கிப்போனாலும் தொடமாட்டார். வேட்டி, கைக்கடிகாரம், போன் எல்லாம் வந்த வழியே திரும்பின. பிறந்த வருடத்துக் காசையாவது மறுக்கமாட்டார் என்று ஒரு நப்பாசை. அவர் பிறந்தது விசுவாவசு வருடம். போனில் தேடிப் பார்த்தேன், 1965 என்றது.

திருக்கழுக்குன்றத்தில் மலையுச்சிக் கோயில் தெரிந்ததும் பாதி பஸ் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

ஒன்பதரைக்கு மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு மான் பின்காலால் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கும். கருங்கல்லில் அதைச் செதுக்கியவன் எப்பேர்ப்பட்ட ரசிகன்! எத்தனை முறை வந்தாலும் அங்கே கொஞ்ச நேரம் நிற்காமல் என்னால் போகமுடியாது.

கடற்கரைக் கோயில் வழியில் சங்கு, சிப்பி விற்கும் கடை. ஒரு தட்டு நிறையப் பழைய காசு. கடைக்கார அம்மாவிடம் கேட்டேன்.

“அறுபத்தஞ்சா? தேடிக்கோ. கெடச்சா உன் அதிர்ஷ்டம்.”

அரை மணி நேரம் கிளறியதில் கிடைத்தது. ஆறு மூலை, இறகு மாதிரி எடை, அத்தனை அழகு.

“நூறு ரூபா குடு.”

“மூணு பைசாவுக்கு நூறா?”

“அப்ப மூணு பைசா குட்த்துட்டு எட்த்துனு போ.”

நூறை எடுத்துக் கொடுத்தேன்.

பதினொன்றரைக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகும் பஸ். கல்பாக்கம் தாண்டி, வாயலூரில் பாலாற்றுப் பாலம் தாண்டி, இருபுறமும் சவுக்குத் தோப்பு. கடல்காற்று முகத்தில் அடிக்க அடிக்க, மாமா டப்பாவைத் திறப்பதை மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கூவத்தூர் தாண்டி இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துச் செய்யூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை.

சாப்பாடு முடிந்து, அத்தை மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை அவித்துக் கொண்டுவந்து வைத்ததும் டப்பாவை நீட்டினேன். மாமா கண்ணாடி போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இன்னாடா, எல்லாத்துலயும் அறுபத்தஞ்சு போட்டுகீது?”

“நீங்க பொறந்த வருஷம் மாமா.”

“நான் மாசிடா. இங்கிலீஷ் கணக்குக்கு அறுபத்தாறு.”

தமிழ் வருடம் சித்திரையில் பிறப்பது. மாசி வருவதற்குள் ஆங்கில வருடம் மாறிவிடும். அறுபதாம் கல்யாணப் பத்திரிகையில் மாசி என்று பார்த்தும் கோட்டை விட்டிருக்கிறேன். நானே என் தலையில் குட்டிக்கொண்டேன். மாமா டப்பாவை மூடி என் பக்கம் தள்ளினார். இதுவும் திரும்பி வருகிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“டப்பாவ இங்க குடு” என்றார் அத்தை. “நான் அறுபத்தஞ்சு. ஆடி.”

மாமா நிமிர்ந்தார். “நீ அறுபத்தெட்டுன்னுல்ல உங்க நைனா சொன்னாரு?”

“உன்னவிட மூத்தவள்னு சொல்லியிருந்தா நீ கட்டிக்கினு இருப்பியா?”

அத்தை மூன்று பைசாவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“எனக்குன்னு வாங்கலன்னு தெரியும்பா. ஆனா என் வயசுக்குன்னு ஒண்ணு இப்பதான் கைக்கு வந்துகீது. திருப்பித் தரமாட்டேன்.”

சுருக்கென்றது. மாமாவுக்குப் பக்கத்தில் மாலையோடு உட்காரப்போகிறவருக்கும் ஒரு வயது உண்டென்று ஒரு மாதத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

ஐந்து மணிக்கு மாமா என்னை வண்டியில் மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். பஸ் தூரத்தில் தெரிந்தபோது, சாலையைப் பார்த்தபடியே கேட்டார்:

“டேய், நீ காசு வாங்குன கடையில அறுபத்தாறு கெடைக்குமா?”

விவரம் தெரிந்த நாளிலிருந்து மாமா என்னிடம் கேட்ட முதல் பொருள் அது. ஏறியதும் மாமல்லபுரத்துக்கே டிக்கெட் எடுத்தேன்.