கஸ்தூரி ஏன் கையைத் தூக்கினாள்?

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு தலைவருக்கு நீலக் கோட்டு மாட்டிவிடப் போயிருந்தேன். அரசியல் இல்லை, பயப்படாதீர்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை. கார்களுக்கான ரப்பர் சாமான்களைச் செய்து, பெட்டியில் போட்டு, பிளாஸ்டிக் உறை சுற்றி அனுப்புகிற இடம். அங்கே எச்.ஆர். மேனேஜராக இருக்கும் பாஸ்கர் என் சித்தி பையன்.

"அக்கா, பேக்கிங் லைன்ல ஒரு பொண்ணு... சாதாரண ஒர்க்கர்தான். ஆனா பிறவித் தலைவி! எம்.டி.யே நேர்ல கண்டுபிடிச்சாரு. டீம் லீடர் ஆக்கறோம். ஃபங்ஷனுக்கு நீங்கதான் சீஃப் கெஸ்ட்" என்றான் போனில்.

எழுதுகிறவளைச் சீஃப் கெஸ்ட்டாகக் கூப்பிடுவது எதற்கு என்று எனக்குத் தெரியாதா? எழுதுவாள் என்றுதான். இதோ எழுதுகிறேன். சந்தோஷமா, பாஸ்கர்?

துணைக்கு நித்யாவையும் அழைத்துக்கொண்டேன். திருவள்ளூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். மேலாண்மைப் படிப்பில் ஆராய்ச்சி செய்கிறாள். தலைமை பற்றித்தான். ஆனால் மற்றவர்கள் எல்லாம் 'நல்ல தலைவர் எப்படி இருக்க வேண்டும்' என்று ஆராய்ந்துகொண்டிருக்க, இவளும் இவளைப் போன்ற சிலரும் 'முதலில் அப்படி ஒருத்தர் இருக்கிறாரா என்று பார்ப்போமே' என்கிறார்களாம்.

பெரியபாளையம் தாண்டும்வரை அதைத்தான் விளக்கிக்கொண்டு வந்தாள். வேலையைப் பலபேர் சேர்ந்து செய்கிறார்கள். முடிந்ததும் கூட்டத்தில் ஒரு தலையைத் தேடிப் பிடித்துக் கிரீடம் வைக்கிறோம். வேலை சொதப்பினாலும் ஒரு தலை வேண்டும் — குட்டுவதற்கு. எதற்காக இந்தத் தேடல்? தலைவர் என்று ஒருவரைக் காட்டினால் யாருக்கு வசதி? யாருடைய உழைப்பு கண்ணில் படாமல் போகிறது? இதெல்லாம் அவள் ஆராய்ச்சியின் கேள்விகள்.

நான் பாங்க்கில் வேலை பார்த்த காலத்து மேனேஜர்களை நினைத்துப் பார்த்தேன். அவர்கள் லீவில் போகும் வாரங்களில் எங்கள் கிளை எவ்வளவு நிம்மதியாக நடக்கும்! அப்போதே இந்தப் படிப்பு இருப்பது தெரிந்திருந்தால் நானும் ஒரு டாக்டர் பட்டம் வாங்கியிருப்பேன்.

புதுவாயலில் டீ குடித்துவிட்டு நெடுஞ்சாலையைப் பிடித்தோம். தொழிற்சாலை வாசலிலேயே பெரிய பேனர். சாம்பல் நிற யூனிஃபார்மில் ஒரு பெண், வலது கையை உயரத் தூக்கி நிற்கிறாள். முகம் சரியாகத் தெரியவில்லை. அதனால் என்ன, கை தெரிகிறதே. கீழே கொட்டை எழுத்தில் 'நம்மில் ஒரு தலைவர்!'

பாஸ்கர் தன் ஏ.சி. அறையில் உட்காரவைத்துக் கதையைச் சொன்னான்.

போன மாதம் மேனேஜர்கள், சூப்பர்வைசர்கள் எல்லோரையும் கடற்கரை ரிசார்ட் ஒன்றுக்குத் தலைமைப் பயிற்சிக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒருவர் கண்ணை மூடிப் பின்பக்கமாக விழ வேண்டும், மற்றவர்கள் பிடிக்க வேண்டும். பழைய பேப்பரை வைத்துக் கோபுரம் கட்ட வேண்டும். தொப்பையும் தொந்தியுமாக இத்தனை பெரியவர்கள் பேப்பர் கோபுரம் கட்டுகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பயிற்சியாளருக்குச் சம்பளம் வேறு!

அந்தப் பயிற்சியாளர் திடீரென்று கேட்டாராம். "நீங்கள் எல்லோரும் இங்கே. இந்த நிமிஷம் உங்கள் தொழிற்சாலையை யார் நடத்துகிறார்கள்?"

பயிற்சிக்கு வந்திருந்த எம்.டி. உடனே தன் செல்போனில் சி.சி.டி.வி.யைத் திறந்து பெரிய திரையில் போட்டிருக்கிறார். தாங்கள் இல்லாத இடம் அல்லோலகல்லோலப்படும் என்று எல்லோரும் ஆசையாகப் பார்த்திருக்கிறார்கள். பேக்கிங் லைன் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தம் கிடையாது, படம் மட்டும். லைனின் முனையில் நின்ற பெண் கையைத் தூக்குகிறாள். ஒருத்தி அவளிடம் ஓடி வருகிறாள். மற்றவர்கள் எல்லோரும் டக்கென்று ஆளுக்கொரு இடம் நகர்கிறார்கள். லைன் நிற்கவேயில்லை.

"எம்.டி. எழுந்து நின்னுட்டாரு அக்கா! 'ஒரே ஒரு கை அசைவு! இதுதான் லீடர்ஷிப்'னாரு. எல்லாரும் கைதட்டினோம்."

"அந்தப் பொண்ணுகிட்ட எதுக்குக் கையைத் தூக்கினேன்னு கேட்டீங்களா சார்?" என்றாள் நித்யா.

பாஸ்கர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அதுதான் பாத்தாலே தெரியுதேம்மா."

கேட்கவில்லை என்று அர்த்தம்.

விழா தொடங்க அரை மணி நேரம் இருந்தது. பிறவித் தலைவியைப் பக்கத்துக் கான்ஃபரன்ஸ் அறையில் உட்காரவைத்திருந்தார்கள். நாங்கள் போனபோது, மாட்டவேண்டிய நீலக் கோட்டு மேஜைமேல் மடித்துக் கிடந்தது. அந்தத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர்களுக்குத்தான் நீலக் கோட்டு. கஸ்தூரி அதைத் தொடாமல் எட்ட உட்கார்ந்திருந்தாள். பழவேற்காட்டுப் பக்கத்துப் பெண். வீட்டுக்காரர் ஏரியில் மீன் பிடிக்கிறவர்.

"நீங்கதான் கோட்டு மாட்டிவுடப் போறவங்களா?" என்றாள். வரவேற்பு அவ்வளவுதான்.

"ஆமாம்மா. வாழ்த்துகள்."

"இன்னா வாழ்த்து மேடம்... காலைல நாஷ்டாகூட எறங்கல."

நித்யா தன் கேள்வியை அவளிடமே கேட்டுவிட்டாள். "அக்கா, அன்னிக்கு எதுக்குக் கையைத் தூக்கினீங்க?"

கஸ்தூரி எங்களை நிமிர்ந்து பார்த்தாள். "மொத மொதல்ல நீதாம்மா அத்த கேக்குற" என்று தொடங்கி, கொட்டித் தீர்த்தாள்.

பேக்கிங் லைனின் முனையில் ஒரு மெஷின். சூடான காற்றை அடித்து, பெட்டியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைச் சுருக்கி ஒட்டவைக்கும். அதன் வாயருகே நிற்பவருக்கும் அதே மரியாதைதான். கொஞ்ச நேரத்தில் முகம் வெந்துவிடும். யார் அங்கே நிற்பது என்பதைச் சூப்பர்வைசர் முடிவு செய்வார்.

"எதுத்துப் பேசினா மெஷினு. லீவு கேட்டா மெஷினு. மூஞ்சியத் தூக்கி வெச்சிகினாலும் மெஷினு. அவுங்கல்லாம் கேம்ப்புக்குப் போனாங்களா... நாங்க பாடு வெச்சிகினோம்."

பாடு என்பது பழவேற்காடு ஏரியில் மீனவர்கள் வைத்திருக்கும் முறை. நல்ல மீன் விழுகிற இடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வலை போட்டால் அடிதடிதான். அதனால் இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை என்று பிரித்துக்கொள்வார்கள். கஸ்தூரியும் அவள் கூட்டாளிகளும் அதையே மெஷினுக்கு வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் ஒருத்தி வேக வேண்டும். பிறகு அடுத்தவள் வந்து நிற்க, மற்றவர்கள் ஓர் இடம் தள்ளிப் போக வேண்டும். யாரும் கருகவில்லை, வேலையும் கெடவில்லை.

"அப்போ கை?" என்றேன்.

"என் பாடு முடிஞ்சிருச்சி மேடம். அடுத்து பார்வதி. அவ பேசிகினே நிக்கிறா. மெஷின் சத்தத்துல கூப்ட்டா காதுல உழுமா? சூடு தாங்கல. கையத் தூக்கி, 'அடியே சீக்கிரம் வாடி'ன்னேன். அத்தப் படம் புடிச்சி வாசல்ல மாட்டிக்கீறாங்க!"

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. நித்யாவுக்குக் கண்கள் ஜொலித்தன. செல்போனில் ரெக்கார்டரைத் தட்டியபடி, "அக்கா, இது என் ஆராய்ச்சிக்கு ரொம்ப முக்கியமான டேட்டா..." என்றாள்.

"நானே பேஜாருல கீறேன். உனுக்கு டேட்டாவா?"

நித்யா செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். என் சிரிப்பும் நின்றது.

பேஜாருக்குக் காரணம் பார்வதி. கம்பெனி பஸ்ஸில் பொன்னேரி வழியாகத் தினமும் ஒரே சீட்டில் வருகிற சிநேகிதி. பேனர் மாட்டிய நாளிலிருந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். மற்ற பெண்களும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். எல்லோருமாகச் செய்ததை இவள் ஒருத்தி போய்ப் பேர் வாங்கிக்கொண்டாள் என்று கோபம்.

"அப்படின்னா வேணாம்னு சொல்லிடேன்" என்றேன். ஏ.சி. அறையில் டீ குடித்துவிட்டு வந்தவளுக்குச் சொல்ல என்ன கஷ்டம்?

கஸ்தூரிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் மேடம் வேணாங்கணும்? எனுக்கும் ஆச கீதுல்ல? எங்க ஊட்டுக்காரு ஊரு ஃபுல்லா சொல்லிகினு கீறாரு. ஏரில பொம்பளைங்களுக்குப் பாடு கெடையாது மேடம். எல்லாம் ஆம்பளைங்களுக்குத்தான். இங்கதான் மொத மொதல்ல எங்களுக்குன்னு ஒரு பாடு வெச்சிகினோம். இப்ப நான் கோட்டு போட்டுகினா, யாரு மெஷினுன்னு நான்தான் சொல்லணும். பாடு போச்சு. போட்டுக்கலைன்னா பழைய சூப்பர்வைசரே வந்து குந்திக்குவாரு. அப்பயும் பாடு போச்சு. நான் இன்னா பண்றது, சொல்லுங்க!"

நான் நித்யாவைப் பார்த்தேன். அவள் படிக்கும் புத்தகங்கள் நிர்வாகத்தை வெளுத்து வாங்குகின்றன, சரி. ஆனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் மேடையேறப்போகிற கஸ்தூரி என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவற்றில் ஒரு பக்கம்கூட இல்லையாம். அவளே வாய்விட்டுச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. எதுவும் சொல்லத் தெரியாத என் கையால்தானே அந்தக் கோட்டை மாட்ட வேண்டும்?

விழா கேன்டீனில். வடக்கே தலைமை அலுவலகத்திலிருந்து எம்.டி. பெரிய திரையில் தோன்றினார். அவருக்குத் தமிழ் தெரியாது, அதனால் பாஸ்கர் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கை தூக்கும் காட்சியை ஸ்லோ மோஷனில் வேறு போட்டார்கள். பெண்கள் வரிசையில் யாரும் கைதட்டவில்லை. பார்வதி யார் என்று கேட்காமலே எனக்குத் தெரிந்தது. மேடையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள்தான்.

கோட்டை மாட்டினேன். கஸ்தூரி தடுக்கவில்லை. மைக்கை வாங்கினாள்.

"சார், கோட்டு வாங்கிகினேன். ரொம்ப நன்றி. இந்த மாசம் நான் போட்டுக்கறேன். அடுத்த மாசம் பார்வதி போட்டுக்குவா. அதுக்கடுத்து வரிசையா எல்லாரும். பாடு மாதிரி."

பார்வதியின் தலை ஜன்னலிலிருந்து திரும்பியது.

"வாட் இஸ் ஷி சேயிங்?" என்றார் திரையில் இருந்தவர்.

பாஸ்கரின் நெற்றி வியர்த்தது. உள்ளதை உள்ளபடி சொன்னால் என்ன ஆகும்? 'சார், நீங்கள் கண்டுபிடித்த தலைவர் தலைவரே இல்லையாம்.' அதைச் சொல்லிவிட்டு அவன் வேலையில் இருக்க முடியுமா? பிறகு என் சித்தி பையன் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த வாக்கியத்தைச் சொன்னான்.

"சார்... ஷி இஸ் ப்ரொபோஸிங் எ ரொடேஷனல் லீடர்ஷிப் மாடல்."

"ப்ரில்லியன்ட்!" என்றார் எம்.டி.

பாருங்கள், பாடு என்றால் கலகம். அதையே இங்கிலீஷில் சொன்னால் மாடல்.

கஸ்தூரி விடவில்லை. "இன்னொண்ணு சார். கோட்டு யார் போட்டுகினாலும், அவுங்க பாடு வந்தா மெஷின்ல நிக்கணும். அத்த மட்டும் மாத்தக் கூடாது."

பாஸ்கருக்கு இப்போது தெம்பு வந்துவிட்டது. "ஈவன் த லீடர் வில் ஸ்டாண்ட் அட் த மெஷின், சார். லீடிங் பை எக்ஸாம்பிள்!"

"வொண்டர்ஃபுல்!" என்று எம்.டி. நாற்காலியிலேயே துள்ளினார். "ஆல் லீடர்ஸ் ஷுட் டூ இட். ஆல்! பாஸ்கர்... யூ ஸ்டார்ட்!"

இதைத் தமிழில் மொழிபெயர்க்க மட்டும் பாஸ்கர் மறந்துவிட்டான். "எல்லா லீடரும் மெஷின்ல நிக்கணுமாம்! மொதல்ல பாஸ்கர் சாராம்!" என்று நித்யா மைக் இல்லாமலே சத்தமாக மொழிபெயர்த்தாள். ஆராய்ச்சியால் ஊருக்கு என்ன பிரயோஜனம் என்று இனிமேல் அவளை யாரும் கேட்காதீர்கள். பெண்கள் வரிசையில் அப்போது எழுந்ததே, அதுதான் கைதட்டல். பார்வதி விசிலடித்தாள்.

இரண்டு நாள் கழித்து கஸ்தூரி போன் பண்ணினாள். "பார்வதி மறுபடியும் என் பக்கத்துலதான் உக்காந்துகினு வர்றா மேடம். ஆனா ஜன்னல் சீட்டப் புடுங்கிகினா!" என்று சிரித்தாள்.

மெஷின் பக்கத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும் என்று பெண்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். பட்ஜெட் இல்லை, இடம் இல்லை, பார்க்கலாம் என்றே பதில் வந்ததாம். பாஸ்கர் தன் பாடு வந்து மெஷினில் நின்று முடித்த அதே வாரத்தில் ஃபேன் வந்துவிட்டது. ஒன்றில்லை, இரண்டு!

நித்யா இதை ஓர் அத்தியாயமாக எழுதப்போகிறாள். கஸ்தூரியிடம் முறையாக அனுமதி கேட்டுவிட்டுத்தான். பாஸ்கரும் சும்மா இல்லை. ரொடேஷனல் லீடர்ஷிப்பைக் கண்டுபிடித்தவர் என்று அவனைக் கூட்டங்களில் பேசக் கூப்பிடுகிறார்களாம். போகட்டும். கோட்டு முறையாகக் கைமாறுகிறவரை யார் கண்டுபிடித்தால் என்ன?

நேற்று அவர்கள் கம்பெனிப் பத்திரிகையை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். அட்டையில் அவன் படம்தான். மெஷின் முன்னால், வேர்க்க விறுவிறுக்க, வலது கையை உயரத் தூக்கி நிற்கிறான். கீழே கொட்டை எழுத்தில் 'முன்னின்று வழிகாட்டும் தலைவர்!'

வழியாவது, காட்டுவதாவது... அடுத்த ஆளைக் கூப்பிடுகிறான்!