வெள்ளிக்கிழமைக் குடம்

ரோந்து போகும் ஊர்களில் மணியக்காரர் கையெழுத்துப் போடும் புத்தகம் ஒன்று எங்களிடம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை, ஸ்டேஷன் ஏட்டையா அதை என்னிடமிருந்து வாங்கிப் பெட்டியில் பூட்டினார். ஏன் என்று கேட்டேன். மேலிடத்து உத்தரவு என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷம் காக்கி போட்டவன் நான். திருடனைக்கூட முகம் பார்த்துத்தான் பேசுவோம்.

மதுவிலக்கு வந்த புதிது அது. எங்கள் சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு ஜேடர்பாளையம் பக்கம், காவிரிக்கரையில் டூட்டி. என்மேல் ரகசிய விசாரணை நடக்கிறது என்பது மட்டும் காதில் விழுந்தது. குற்றம் என்ன, சொன்னவன் யார், ஒன்றும் தெரியாது. போலீஸ் லைனில் என்னைக் கண்டால் பேச்சு நின்றுவிடும். மூன்று மாதம் இப்படி. சோறு இறங்கவில்லை. என் மனைவி பாவாயியும் என் கண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். இவளுமா என்று உடைந்து போனேன். ஆற்றோடு போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் செல்லாண்டியம்மன் கோயிலுக்குப் போனேன். வேலையைக் காப்பாற்று என்று கேட்கவில்லை. என் குற்றம் என்னவென்று மட்டும் சொல் தாயே என்று கேட்டுக்கொண்டு, பின்சுவர் ஓரம் குப்புற விழுந்து கிடந்தேன்.

அப்போது சந்நிதிப் பக்கம் பாவாயியின் குரல் கேட்டது. நான் பின்னால் கிடப்பது அவளுக்குத் தெரியாது.

“ஆத்தா, அவருகிட்டச் சொல்ல மாட்டேன்னு ஏட்டையாகிட்டச் சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டேன். உன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு யாரும் சொல்லலை. வெள்ளிக்கெழம வெடியால கொடத்துல கள்ளு கொண்டு போறாரான்னு கேட்டாங்க. கொடம் எடுத்துட்டுப் போறது நெசமுங்க, உள்ள என்னன்னு தெரியாதுங்கன்னு சொல்லிப்போட்டேன். நானே அவரைக் காட்டிக் குடுத்துட்டனா சாமி?”

கள்ளா? எங்களுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. அதற்காக வெள்ளிதோறும் காவிரித் தீர்த்தம் சுமந்து அம்மனுக்கு ஊற்றுவதாக வேண்டியிருந்தேன். குடத்தின் வாயைத் துணியால் கட்டி, பேசாமல் சுமக்க வேண்டும். பலிக்கும்வரை மனைவிக்கும் சொல்லக்கூடாது. பனந்தோப்பு வழியில் எதிர்ப்பட்டவர்கள், குடத்தில் என்ன என்று கேட்டிருந்தார்கள். நான் வாய் திறக்காமல் நடந்தேன். போலீஸ்காரன், கட்டிய குடம், பனந்தோப்பு. யார்தான் வேறு மாதிரி நினைப்பார்கள்?

மறுநாள் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்று, குடத்தில் இருப்பது கள்ளில்லை, அம்மனுக்குத் தீர்த்தம் என்றேன். உனக்கு யார் சொன்னது என்று அதட்டினார். அம்மன் சொன்னாள் என்றேன். அது பொய்யில்லை. வெள்ளிக்கிழமை காலை அவரே சொல்லாமல் கொள்ளாமல் தோப்பில் வந்து மறித்தார். துணியை அவிழ்த்து ஒரு கை அள்ளிக் குடித்தார். கோயில்வரை கூடவே நடந்தார். ஆறு மாதமாக இந்தத் தண்ணீர்தான் அபிஷேகத்துக்கு என்று பூசாரி சொன்னார். இன்ஸ்பெக்டர், “இதை உன்னையே கேட்டிருக்கலாமேப்பா” என்றார்.

சாயந்திரம் புத்தகம் கைக்கு வந்தது. வேண்டுதலைப் பாவாயியிடம் சொல்லிவிட்டேன். முதலில் ரகசியம் வைத்தவன் நான்தானே. இரண்டு பேரும் அழுதோம். பிள்ளை வரம் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அம்மன் என் மனைவியைத் திருப்பிக் கொடுத்தாள். என் ரகசியத்தால்தான் அவளை இழந்துகொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது.

இப்போது நானும் ஏட்டு. போன மாதம் ஒரு கான்ஸ்டபிள்மேல் ரகசிய விசாரணையை என்னிடம் கொடுத்தார்கள். அவனை எதிரில் உட்காரவைத்து, அவன்மேல் வந்த புகார் மனுவை முழுவதும் படித்துக் காட்டினேன். அதற்காக எனக்கு என்ன தண்டனை வந்தாலும் வரட்டும். பல நாளாகத் தூங்கவில்லை என்று சொல்லி அவன் தேம்பினான்.

நம்பிக் கேளுங்கள், அம்மன் பதில் சொல்வாள். ஆனால் மனிதரை மனிதர் கேட்க வேண்டியதை அவள் தலையில் போட்டுவிடாதீர்கள்.