மெதுவாகப் படிப்பவர்களுக்காகக் காத்திருந்தவர்

பொன்னேரி கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் வேலைபார்த்த ஜமீலா அம்மா இறந்த செய்தி என் மகன் சேகரின் கைபேசியில் வந்தது. அவன் குளித்துக்கொண்டிருந்தான். நான்தான் எடுத்து எழுத்துக்கூட்டினேன். "கா... ல... மா... னார்." எழுபது வயதுக்குமேல் படிக்கக் கற்றவன் நான். எத்தனையோ சொற்களைத் தப்பாகப் படித்திருக்கிறேன். இதுவும் தப்பாக இருக்க வேண்டும் என்று மறுபடி படித்தேன். சேகர் தலையைத் துவட்டியபடி வந்து பார்த்தான்.

"சரியாத்தான் படிச்சிக்கிற நைனா. நெஞ்சுவலியாம்."

உள்ளே என் மருமகள் வசந்தி படுத்திருந்தாள். ஜமீலா அம்மா கணித்துச் சொன்ன நாளில் அவள் கருப்பையில் கருவை வைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. எங்களுக்கு மிச்சமிருந்த கடைசிக் கரு அது. ஒட்டியதா இல்லையா என்பது ரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். அதற்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. "அவகிட்ட சொல்லாத," என்றான் சேகர்.

இதைப் படிப்பவர்களில், அந்த மையத்தின் வாசலில் காத்திருந்த பலருக்கு அவரைத் தெரியும். நான் அவரை முதலில் பார்த்த விதம்தான் கொஞ்சம் வேடிக்கை. புதிதாகப் படிக்கக் கற்றவனுக்குப் பலகையைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. அங்கே மாட்டியிருந்ததை "க, ரு, வு, றா, மை" என்று உரக்கப் படித்துவிட்டேன். உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் மனைவி கன்னியம்மா தொடையில் கிள்ளினாள். "பேஜார் பண்ணாத, வாயை மூடுய்யா!"

முக்காட்டைச் சரிசெய்தபடி ஜமீலா அம்மா வெளியே வந்தார். "யாரு படிச்சது?"

எழுந்து நின்றேன்.

"நல்லா படிச்சீங்க பெரியவரே. அந்தப் போர்டை மாத்துங்கன்னு நானும் கேட்டுக்கினேதான் இருக்கேன். வர்ற பொண்ணுங்க கண்ணுல முதல்ல அதுதான் படுது."

அவர் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். மரபணுக்களைப் பற்றிப் படித்தவர். வசந்திக்கு இரண்டு தடவை கரு ஒட்டாமல் போன பிறகு எங்களை உட்காரவைத்துப் பேசினார். கன்னியம்மா முந்திக்கொண்டாள். "நாத்து நல்லாத்தான் கீதுன்றீங்க. அப்ப கயினிதான் சரியில்லன்னு சொல்லுங்க மேடம்."

வசந்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழனி யார் நட்டாலும் வாங்கிக்கும்மா. கருப்பை அப்படியில்ல, வர்ற கருவைப் பரிசோதிக்கும். வேணாம்னா அனுப்பிடும். பொண்ணை நெலம்னு சொல்லாதீங்க," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, உங்களுக்குப் புரியும். உடம்புல எல்லா செல்லுலயும் ஒரே எழுத்துங்கதான். எந்த வரியைப் படிக்கணும், எதை மூடி வைக்கணுங்கிறதுலதான் கண்ணு வேற, கருப்பை வேற. கருப்பையோட உள்சுவர் மாசத்துல கொஞ்ச நாள்தான் 'வா, ஒட்டிக்கோ'ங்கிற வரிங்களைப் படிக்கும். முன்னாடி வந்தாலும் ஒட்டாது, பிந்தி வந்தாலும் ஒட்டாது."

வசந்தியின் கருப்பை உள்சுவரிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்ததில், கரு வைத்த நாளில் அந்த வரிகள் இன்னும் திறந்திருக்கவில்லை என்று தோன்றியதாம்.

"அப்ப எங்க வசந்தி உடம்பும் என்னை மாதிரிதான். மெதுவா படிக்குது!" என்றேன்.

ஜமீலா அம்மா மேசையைத் தட்டிச் சிரித்தார். "அதேதான்! நாமதான் ஒரு நாள் பொறுத்து வைக்கணும்." வசந்தியும் சிரித்துவிட்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தில், திரும்பும்போது எங்கள் ஊர் ஆரம்பாக்கம் வரும்வரை வழியில் வந்த ஒவ்வொரு ரயில் நிலையத்தின் பெயரையும் சத்தமாகப் படித்தேன். கன்னியம்மா எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டாள்.

செய்தி வந்த அன்று மாலைவரை வசந்தியிடம் மறைத்தோம். மாலையில் வசந்தியே கேட்டாள். "மாமா, ஜமீலா அம்மா இன்னிக்கு போன் பண்றேன்னாங்களே, பண்ணலியா?" பொய் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டேன். அவள் விம்மி விம்மி அழுதாள். கன்னியம்மா பதறி ஓடிவந்தாள்.

"அழாதடி, உள்ள கீறது கலைஞ்சிடப் போவுது!"

"கலையாது அத்த. அழுதாலும் சிரிச்சாலும் ஒண்ணும் ஆவாதுன்னு அவங்களே சொல்லிக்கிறாங்க. அவங்களுக்காக அழுதுக்கிறேன், உடுங்க."

கன்னியம்மா பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழுதாள்.

நாளை மறுநாள் ரத்தப் பரிசோதனை. கருவை வைத்த அன்று, "இந்த முறை ஒட்டிடும் இல்ல?" என்று ஜமீலா அம்மாவைக் கேட்டிருந்தேன்.

"தெரியாது பெரியவரே. நாள் பாத்து வெச்சாலும் ஒட்டாம போவலாம். நாள் பாக்குற இந்தச் சோதனை எல்லாருக்கும் உதவுதான்னு எங்க துறை ஆளுங்களுக்குள்ளயே சண்டை. ஆனா ஒட்டலன்னா அது வசந்தி தப்பு இல்ல. அது எனக்கு நல்லா தெரியும்."

அவ்வளவு படித்தவர் தெரியாது என்றதும் அன்று பயந்துபோனேன். இன்று காலை கடைத்தெருவில் பக்கத்து வீட்டுப் பெண் வழிமறித்தாள். "இன்னா பெரிப்பா, ஊட்ல எதனா விசேஷமா?"

"தெரியாதும்மா. தெரிஞ்சா, சொல்லணும்னு தோணினா, வசந்தியே சொல்லும்," என்றேன்.

தலையைக் குனியாமல் சொன்னேன். ஜமீலா அம்மாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் இந்தத் துணிவைத்தான். நாளை மறுநாள் என்ன பதில் வந்தாலும், அதற்குப் பிறகும் இது எங்களுக்கு வேண்டியிருக்கும்.